வெல்டிங் இல்லை, ரிவெட் இல்லை... பசையில் நிற்கும் மோட்டார்!

மோட்டார் ரிப்பேர் கடையில் கழற்றிப் போட்டிருக்கும் பழைய ஸ்டேட்டரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரே இரும்புக் கட்டி போலத்தான் தெரியும். ஓரத்தை நகத்தால் கீறினால், நோட்டுப் புத்தகத்தின் விளிம்பைக் கீறியது போல 'சர்ர்' என்று சத்தம் வரும். அத்தனையும் தகடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கோவைப் பட்டறைகளில் இந்தத் தகட்டுக்கு 'ஸ்டாம்பிங்' என்று பெயர்.

கட்டி இரும்பையே கடைந்து வைத்தால் வேலை சுலபம்தானே, எதற்கு இத்தனை தகடு?

வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நெருப்பு கிடையாது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், பாத்திரத்தின் உலோகத்துக்குள் மின்சாரத்தைச் சுழல வைக்கிறது. அதில்தான் பாத்திரம் முக்கியமாகச் சூடாகிறது. 1855-ல் இதைக் கவனித்துச் சொன்னவர் பிரான்ஸின் ஃபூக்கோ. ஊசலைத் தொங்கவிட்டு பூமி சுழல்வதைக் காட்டினாரே, அதே ஃபூக்கோதான். அடுப்பில் நமக்கு வேண்டிய இந்தச் சூடு, மோட்டாரில் தண்டம். கட்டி இரும்பாக இருந்தால் மோட்டாரே அடுப்பாகிவிடும். அதனால்தான் இரும்பை மெல்லிய தகடுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் கடத்தாத பூச்சு கொடுத்து, சுழலும் மின்சாரத்துக்கு வழி இல்லாமல் செய்கிறார்கள். தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் இந்த இழப்பு கால்வாசியாகக் குறையும்.

இதுவரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இருநூறு, நானூறு தகடுகளை எதை வைத்துப் பிடித்து நிறுத்துவது என்பதுதான் பட்டறைக்காரர்களின் தலைவலி. கோவை கணபதியில் ஒரு குடும்பத்துக்கு, கடந்த ஒரு வருடமாக அது வீட்டுத் தலைவலியாகவும் ஆகிவிட்டது.

பத்துக்கு இருபது ஷெட்

மோட்டாருக்கும் கோவைக்கும் உள்ள உறவு பழையது. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-ல் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. அதன்பிறகு கிணற்று பம்ப், வெட் கிரைண்டர் என்று பட்டறை பட்டறையாகத் தொழில் பரவியது. ஒரு தெருவில் வார்ப்பு, அடுத்த தெருவில் ஸ்டாம்பிங், அதற்கடுத்த தெருவில் காயில் கட்டும் பெண்கள். முழு மோட்டாரையும் ஒரே கூரையின் கீழ் செய்பவர்களைவிட, அதன் ஏதோ ஒரு பாகத்தை மட்டும் செய்பவர்களே இங்கே அதிகம்.

அந்த அப்பாவும் அப்படித்தான். 22 வருடமாக ஸ்டாம்பிங் வெட்டி, அடுக்கி, வெல்டிங் வைத்துக் கொடுப்பதுதான் தொழில். இரண்டு பிரஸ், ஒரு வெல்டிங் மெஷின், நான்கு ஆட்கள். அவருடைய தம்பி இரண்டு தெரு தள்ளி ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன மோட்டார்தான் தம்பிக்குச் சோறு. "எங்கண்ணன் கட்டி அனுப்பறாரு, நான் பிரிச்சு எடுக்கறேன்" என்று அவர் சொல்வார். வீட்டு விசேஷங்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் இல்லை.

மகளுக்கு 26 வயது. பாலிமர் டெக்னாலஜி படித்துவிட்டு, சென்னையில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பெயின்ட் ஏன் உரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவளுடைய வேலை. அப்பாவுக்கு முதுகு வலி வந்து ஷெட்டை ஒரு மாதம் மூடும் நிலை வந்தபோது ஊர் திரும்பியவள், அப்படியே தங்கிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் புது ஆர்டர் ஒன்று எட்டிப் பார்த்தது. மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் கம்பெனி அது. 0.35 மில்லிமீட்டர் தகடு. வெல்டிங் கூடாது, ரிவெட் கூடாது. பசையால் ஒட்டித்தர வேண்டும்.

அப்பா சிரித்துவிட்டார். "இரும்ப கோந்து போட்டா ஒட்டுவாங்க? ஏஞ்சாமி, இது ஸ்கூல் புராஜெக்ட்டா?"

வெல்டிங் மேல் என்ன கோபம்?

வெல்டிங் மேல் யாருக்கும் கோபம் இல்லை. கிணற்று பம்ப் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதற்கு அரை மில்லிமீட்டர் தகடும், வெளிவட்டத்தில் நாலைந்து வெல்டிங் கோடும் தாராளம். இன்றும் அதுதான் மலிவு, அதுதான் புத்திசாலித்தனமும்கூட. பசைதான் எதிர்காலம் என்று எல்லா மோட்டாருக்கும் சேர்த்துச் சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மின்சார வண்டியின் கதை வேறு. எட்டு துருவம் உள்ள கார் மோட்டார் ஒன்று நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றினால், அதன் இரும்பில் காந்தப்புலம் நொடிக்கு 1,000 முறை மாறி மாறிப் போய்வரும். பம்ப்போடு ஒப்பிட்டால் 20 மடங்கு. ஆனால், சுழல் மின்னோட்டத்தால் வரும் இழப்பு 20 மடங்கோடு நிற்காது. அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே தகடு, அதே காந்த பலம் என்றால் 400 மடங்கு! ஸ்கூட்டர் மோட்டாரில் வேகம் குறைவுதான், ஆனாலும் பம்ப் கணக்கு அங்கே செல்லாது. அதனால்தான் தகடு 0.35, 0.27, 0.2 என்று மெலிந்துகொண்டே போகிறது.

அவ்வளவு கஷ்டப்பட்டு மெலிதாக்கி, பூச்சு பூசி, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டு, கடைசியில் வெளியில் ஒரு வெல்டிங் கோடு இழுத்தால் என்ன ஆகும்? அந்தக் கோடு எல்லாத் தகடுகளுக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். வெல்டிங் சூட்டில் பக்கத்தில் இருக்கும் பூச்சும் கருகும். தகட்டில் சின்னக் குழி அழுத்தி அடுத்த தகட்டுக்குள் மாட்டிவிடும் முறையும் உண்டு. அங்கும் குழி விழுந்த இடத்தில் இரும்பின் குணம் கெடுகிறது, தகடும் தகடும் தொட்டுக்கொள்கின்றன.

பசையில் இந்தத் தொல்லை இல்லை. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று இல்லாததால் சூடு வெளியேறும் வழி மேம்படும். கட்டு ஒரே உடம்பாக நிற்பதால் இரைச்சலும் குறையும்.

பசையை மூன்று விதமாகக் கொடுக்கலாம். தகடு வெட்டும்போதே டைக்குள் சொட்டுச் சொட்டாகப் பசை வைப்பது ஒன்று. அடுக்கிய பிறகு நீர்த்த பிசினை இடுக்குகளில் ஊறவைப்பது இன்னொன்று. மூன்றாவதில், ஆலையிலிருந்து வரும்போதே தகட்டின் மேல் பாதி வெந்த நிலையில் எப்பாக்சிப் பூச்சு இருக்கும். வெட்டி, அடுக்கி, அழுத்திப் பிடித்துச் சூடேற்றினால் அந்தப் பூச்சே உருகி ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். ஜெர்மனிக்காரர்கள் இதை 'பேக்லாக்' என்கிறார்கள். சுட்டெடுக்கும் பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வந்தது இந்த மூன்றாவது வகைதான். பார்க்கச் சுலபம். அழுத்திப் பிடிக்கும் ஃபிக்ஸரும் சூட்டடுப்பும் இருந்தால் போதும். அம்மாவின் நகை வங்கிக்குப் போனது. அடுப்பு ஷெட்டுக்கு வந்தது.

பத்தில் நாலு

முதலில் அனுப்பிய பத்து கட்டுகளில் நான்கு பிரிந்துவிட்டன.

ஷெட்டில் இருந்து கிளம்பும்போது பத்துமே கல் மாதிரி இருந்தன. கீழே வைத்துத் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று சத்தம். கம்பெனியில் சூடான எண்ணெயில் ஊறவைத்து, சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிப் போட்டபோது, நான்கு கட்டுகளில் பல் நுனிகள் விசிறி மாதிரி விரிந்துவிட்டன. எந்த ஒட்டையும் இரு பக்கமும் நேராக இழுத்துப் பிரிப்பது கஷ்டம், ஓரத்தில் இருந்து உரித்தால் சுலபம். ஸ்டேட்டரின் பல் நுனிகள் அப்படிப்பட்ட ஓரங்கள். பிரச்னை என்று வந்தால் முதலில் வாயைத் திறப்பது அங்கேதான்.

நான்கும் பார்சலில் திரும்பி வந்தன. அப்பா இரண்டு நாள் ஷெட் பக்கமே போகவில்லை. "வெல்டிங்கா இருந்தா கண்ணுல தெரியும். நல்லா ஓடுச்சா, ஓட்டை விழுந்துச்சான்னு பார்த்தவுடனே சொல்லிப்போடலாம். இது உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு ஆருக்குத் தெரியும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஒட்டின் உள்ளே எட்டிப் பார்க்க வழி இல்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் மற்றதை நம்ப வேண்டும்.

மகள் பிரிந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பெயின்ட் கம்பெனியில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பிரிந்த இரு பக்கமும் பசை பிய்ந்து ஒட்டியிருந்தால், ஒட்டு பிடித்திருக்கிறது, பசைக்குத்தான் தெம்பு போதவில்லை. ஒரு பக்கம் பசை முழுக்க இருந்து, எதிர்ப் பக்கம் பளபளவென்று இருந்தால் அங்கே ஒட்டு பிடிக்கவே இல்லை. கண்ணாடியில் இருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுக்கும்போது கவனித்தால் இந்த இரண்டும் தெரியும்.

நான்கில் இரண்டு கட்டுகளில் பளபளப்பு. காரணம், எண்ணெய். தகடு வெட்டும்போது டை தேயாமல் இருக்க எண்ணெய் விடுவார்கள். 22 வருடமாக அது ஒரு குற்றமே இல்லை. வெல்டிங் சூட்டில் எரிந்து போகிற சமாசாரம். பசைக்கு அது எமன். இதை விளக்க மகள் ஆரம்பித்தபோது, காபி கொண்டுவந்த அம்மா, "எண்ணெ வழியற நெத்தியில பொட்டு நிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆனால், துடைத்துவிட்டால் தீர்ந்தது என்று விட முடியாது. கண்ட கரைப்பானைப் போட்டுத் துடைத்தால் பாதி வெந்த பூச்சும் சேர்ந்து கரையும். அதனால், வெட்டி முடித்த பிறகு தானாக ஆவியாகிவிடும் எண்ணெய்க்கு மாறினார்கள். அதையும் ஊற்றாமல், மெல்லிய படலமாக மட்டும் தடவினார்கள். பரப்பு சுத்தமா என்று பார்க்க ஒரு சோதனைப் பேனா இருக்கிறது. தகட்டில் கோடு போட வேண்டும். மை கோடாகவே நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஷெட்டில் இருக்கும் நால்வரில் மூத்தவர், இப்போது அந்தப் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டுதான் அலைகிறார்.

மூன்றாவது கட்டின் கதை வேறு. அதன் மேல், கீழ்த் தகடுகள் கெட்டியாகப் பிடித்திருந்தன. நடுவில் மட்டும் பிரிவு. பசை அங்கே வேகவே இல்லை. தகட்டின் நீளவாக்கில் சூடு சுலபமாக ஓடும். ஒரு தகட்டில் இருந்து அடுத்ததற்குப் போக மட்டும், நடுவில் இருக்கும் பூச்சையும் காற்றையும் தாண்ட வேண்டும். அதனால் அடுக்கின் நடுவயிறு கடைசியில்தான் சூடாகும். மகள் நடுவே ஒரு தெர்மோகப்பிள் கம்பியைச் சொருகிப் பார்த்தாள். அடுப்பின் மீட்டர் 200 டிகிரி காட்டும்போது உள்ளே 140 கூட எட்டவில்லை. அடுப்பு மீட்டரை நம்பி எடுத்தால், நடுவில் மாவாக இருக்கிற இட்லியைத் தட்டில் வைத்த மாதிரி. இப்போது நடுக்கம்பி சொல்லும் சூட்டை வைத்துத்தான் நேரத்தை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நேரம் கூடிவிட்டது, கரன்ட் பில்லும்.

நான்காவதைக் கண்டுபிடித்தது அப்பாதான். தகட்டின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, "டை மழுங்கிப்போச்சு" என்றார். டை மழுங்கினால் வெட்டு விளிம்பில் பிசிறு நிற்கும். வெல்டிங்குக்கு அடுக்கும்போது அழுத்தினால் அது படிந்துவிடும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. இங்கே கணக்குப் பாருங்கள்: தகட்டுக்கு இரண்டு பக்கமும் தலா 5 மைக்ரான் பூச்சு என்றால், இரண்டு தகடு சந்திக்கும் இடத்தில் மொத்தமே 10 மைக்ரான் பசை. பிசிறு 30 மைக்ரான் நின்றால் இரண்டு தகடும் ஒன்றையொன்று தொடவே தொடாது. நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டைவிரல் உணர்ந்தது எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும். பஞ்சுக்கும் டைக்கும் நடுவே தகட்டுக் கனத்தில் சுமார் 5 சதவிகிதம் இடைவெளி விடுவது வழக்கம். 0.35 தகட்டுக்கு அது 17 மைக்ரான் சொச்சம். அரை மில்லிமீட்டர் தகட்டுக்குச் செய்த டையின் இடைவெளி இதற்குச் சரிப்படாது. புது டை செய்தார்கள். செலவு மறுபடியும் அம்மாவின் கணக்கில்தான்.

அழுத்தத்திலும் இதே மாதிரி இழுபறி. குறைந்தால் தகடுகள் சேராது. கூடினால் உருகிய பசை பிதுங்கிக் காயில் போகும் இடுக்குகளில் வழியும், கட்டின் உயரமும் குறையும். இதெல்லாம் போக, வெயில் காலம் ஒரு வில்லன். பாதி வெந்த பூச்சு, சுருளாகக் கிடக்கும்போதே மெதுவாக வெந்துகொண்டுதான் இருக்கும். மாதக்கணக்கில்தான் அதன் ஆயுள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்தால் அந்த ஆயுளும் சுருங்கும். தகட்டுச் சுருளுக்காக ஷெட்டின் ஒரு மூலையைத் தடுத்து ஏ.சி போட்டார்கள். ஆட்களுக்கு இல்லாத ஏ.சி தகட்டுக்கா என்று ஒரு வாரம் கிண்டல் ஓடியது. மதியச் சாப்பாடு இப்போது அந்த மூலையில்தான் நடக்கிறது.

அடுத்து அனுப்பிய பத்தும் நின்றன. அதற்கடுத்து அனுப்பிய முப்பதும் நின்றன.

சித்தப்பாவின் கேள்வி

ஆர்டர் உறுதியான அன்று இரவு வீட்டில் பிரியாணி. சாப்பிட்டுக் கை கழுவிய சித்தப்பா, ஒட்டிய கட்டு ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அமைதியாக ஒன்று கேட்டார்.

"கண்ணு, இது எரிஞ்சு எங்கடைக்கு வந்தா நான் என்ன பண்றது?"

யாரும் பேசவில்லை. ரீவைண்டிங் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். எரிந்த மோட்டாரில் பழைய காயில், வார்னிஷோடு சேர்ந்து கல்லாக இறுகிக் கிடக்கும். ஒரு பக்கத் தலையை வெட்டிவிட்டு, அடுப்பில் போட்டு வார்னிஷை எரித்து, பிறகு கம்பியை உருவி எடுப்பார்கள். அடுப்பின் சூடு 350 டிகிரியைத் தாண்டும். சாதாரணத் தகடாக இருந்தாலே இதில் ஆபத்து உண்டு. எரிப்பது அதிகமானால் தகடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சு போய்விடும். 'ஒருதடவ காயில் கட்டின மோட்டார் முந்தி மாதிரி ஓடறதில்ல, சூடாகுது' என்று விவசாயிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், வெல்டிங் போட்ட கட்டு அப்போதும் கட்டாகவே நிற்கும். எப்பாக்சியோ அந்தச் சூட்டில் கருகிவிடும். பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான் என்றால் மிச்சம் என்ன?

மறுநாள் காலை, பழைய ரிஜெக்ட் கட்டு ஒன்றைச் சித்தப்பா தன் கடை அடுப்பில் போட்டார். ஆறிய பிறகு எடுத்துத் தரையில் வைத்துத் தட்டினார். சீட்டுக்கட்டு சரிந்த மாதிரி விழுந்தது.

"ரொம்ப நல்லா ஒட்டியிருக்கற, கண்ணு" என்றார் சித்தப்பா. கிண்டலா, வருத்தமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஆலைகளில் இருந்து மின்சார ஸ்கூட்டர்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. வீட்டு மின்விசிறியும் மெல்ல பி.எல்.டி.சிக்கு மாறி வருகிறது. மோட்டாரை எப்படி இன்னும் திறமையாக்கலாம் என்று யோசிக்கிற அளவுக்கு, அது பழுதானால் தெருமுனைக் கடையில் சரிசெய்ய முடியுமா என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கழற்றிப் புதுசு மாட்டு என்பதுதான் பதில் என்றால், ஊர் ஊருக்கு இருக்கும் காயில் கட்டும் கடைகளின் கதி?

மகளிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் ஒன்று இருந்தது. எரிக்காமலும் காயிலை எடுக்கலாம். இரு பக்கத் தலைகளையும் வெட்டிவிட்டு, வார்னிஷ் இளகும் அளவுக்கு மட்டும் மிதமாகச் சூடேற்றி, இடுக்கில் இருக்கும் கம்பியை அமுக்கித் தள்ளலாம். அந்த மிதமான சூடு பசையின் தாங்குதிறனுக்குள் இருக்க வேண்டும். வார்னிஷும் எப்பாக்சி வகை என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இளகும்; அங்கேதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா கடையில் இருவரும் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். இதுவரை ஐந்து கட்டு. இரண்டில் பல் விரிந்துவிட்டது. மூன்று நின்றன. ஆனால், ஒரு மோட்டாருக்கு அரை நாள் ஆகிறது. அந்தக் கூலியை எந்த வாடிக்கையாளரும் கொடுக்க மாட்டார் என்கிறார் சித்தப்பா.

மகள் இன்னொன்றும் செய்தாள். ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினாள். மோட்டாரின் மேல், 'இது பசையால் ஒட்டிய கோர், தீயில் எரிக்கக் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு சின்னத் தகடு ஒட்ட முடியுமா, பசை எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அதிலேயே அச்சிட முடியுமா என்று கேட்டிருந்தாள். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பயம். கிடைத்த ஆர்டரைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளலாமா என்று முணுமுணுத்தார். ஆனால், அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை.

மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. சித்தப்பா கடைக்கும் பசை மோட்டார் ஒன்றுகூட இதுவரை வரவில்லை. ஸ்கூட்டர்களுக்கு வாரன்ட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.